டர்ன்டேபிளா, டிஏசியா? வீட்டுல பாட்டு கேக்க எத வாங்கலாம்

கேள்வி:
ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரெண்டும் இருக்கு, இப்போதைக்கு போன்ல இருந்து ப்ளூடூத்லதான் பாட்டு ஓடுது. எல்பி ரெக்கார்ட் ஓட்டுற டர்ன்டேபிள் வாங்கவா, இல்ல டிஜிட்டல் பாட்ட ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலா மாத்துற டிஏசி வாங்கவா? டிஜிட்டல்ல ஒலி அலைய துண்டு துண்டா வெட்டிடுவாங்க, படிக்கட்டு மாதிரி ஆயிடும், எல்பிலதான் முழுசா இருக்கும்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் அடிச்சு சொல்றாரு. நெஜமாவா? பழைய ரெக்கார்ட் எதுவும் எங்கிட்ட இல்ல.

பதில்:
படிக்கட்டு கதைய நம்பாதீங்க ப்ரோ. சாம்பிள்ங்கிறது அலைய சீரான இடைவெளில அளந்து எடுத்த வெறும் புள்ளிதான், டிஏசில இருக்கிற ஃபில்டர் அந்தப் புள்ளிகள வச்சு வழுவழுன்னு பழைய அலையவே திருப்பிக் குடுத்துடும். எவ்ளோ உயர்ந்த ஃப்ரீக்வன்சி வேணுமோ அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல சாம்பிள் எடுத்தா போதும், இது நைக்விஸ்ட், ஷானன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு. காது கேக்குறது 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், 1982ல வந்த சிடியே 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிள். சிடில ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட், அதுக்கு 96 டெசிபல் டைனமிக் ரேஞ்ச் (ரொம்ப மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி), எல்பி 70 தொட்டாலே பெரிய விஷயம்.

பதில்:
கணக்கு சரிதான், ஆனா சில ஆல்பம் எல்பில நல்லாருக்குன்னு சொல்றவங்க பொய் சொல்லல. காரணம் மாஸ்டரிங், அதாவது பாட்ட வெளியிடுறதுக்கு முன்னாடி சத்தத்த கடைசியா சரி பண்ற வேல. 90கள்ல இருந்து சிடிக்கு சத்தம் தூக்கலா இருக்கணும்னு கம்ப்ரஸ் பண்ணிப் பண்ணி பாட்டுல ஏத்த இறக்கமே இல்லாம ஆக்கிட்டாங்க, அது எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு. எல்பில பேஸ் ஓவரானா ஊசி தாவிடும், 'ஸ்' சத்தம் ஏறினா பிசிறடிக்கும், அதனால பல நேரம் தனியா மாஸ்டர் பண்ணுவாங்க. அந்த வித்தியாசத்ததான் அனலாக் மேஜிக்னு நெனைக்கிறோம். அதுவும் இப்போ வர்ற எல்பி நிறைய டிஜிட்டல் ஃபைல்ல இருந்தே வெட்டினதுதான்.

பதில்:
நான் எல்பி ஆளு. ஒரு பக்கம் இருபது நிமிஷம் சொச்சம், பாட்ட தள்ளாம உக்காந்து கேப்பேன், அது எனக்குப் புடிக்கும். ஆனா உங்களுக்கு வேணாம்னுதான் சொல்லுவேன். ரெக்கார்ட்ல பேஸக் கொறச்சு ட்ரெபிளக் கூட்டித்தான் வெட்டிருப்பாங்க, அத நேராக்க போனோ ப்ரீஆம்ப் வேணும், ஊசி வெயிட் சரியா வைக்கணும், தூசி தொடைக்கணும், உள்பக்கம் போகப் போக டிஸ்டார்ஷன் வேற. கைல ரெக்கார்டே இல்லாம எதுக்கு இவ்ளோ?

கேள்வி கேட்டவர்:
அப்போ டிஏசி வாங்கிடவா?

முதல் பதில் போட்டவர்:
அதுக்கும் முன்னாடி ஸ்பீக்கர சுவத்த விட்டுத் தள்ளி, ட்வீட்டர் (ட்ரெபிள் குடுக்கிற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர மாதிரி வைங்க. ப்ளூடூத்த விட்டுட்டு ஒயர்ல குடுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும்போது சத்தம் ஒரே அளவா இருக்கணும், கொஞ்சம் கூட இருந்தாலே அதுதான் நல்லாருக்கிற மாதிரி தோணும். அதுக்கப்புறமும் கொற தெரிஞ்சா டிஏசி பாக்கலாம்.