புதுப்பிப்பு: சிஎம்எஸ் நேரக் கருவியில் ஏன் இரண்டு வகை உணரிகள்?

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் சிஎம்எஸ் சோதனைக்கான நேரக் கண்டறிவி (துகள்கள் வந்துசேரும் நேரத்தை அளக்கும் கருவி) பற்றி முன்பு எழுதியிருந்தேன். செர்னின் எல்எச்சி துகள் முடுக்கியின் மேம்பட்ட வடிவமான உயர் ஒளிர்வு எல்எச்சியில் புரோட்டான் கற்றைகள் ஒருமுறை குறுக்கிடும்போதே 200 மோதல்கள் வரை நடக்கும். 30 முதல் 40 பிக்கோநொடித் (பிக்கோநொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் நேரம் குறித்தால் அவற்றைப் பிரித்தறியலாம் என்பது அதன் சாரம். "நடுவில் படிகம், முனைகளில் சிலிக்கான், ஏன்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

கருவியின் இரு முனைகளில் கதிர்வீச்சு மிகக் கடுமை. அங்கே எல்கேட் எனும் மெல்லிய சிலிக்கான் உணரிதான் சரிப்படும். மைய உருளையின் பரப்போ சுமார் 38 சதுர மீட்டர். முழுக்க எல்கேட் பதித்தால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் அங்கே எல்ஒய்எஸ்ஓ எனும், துகள் பட்டால் ஒளிரும் படிகக் குச்சிகள், ஒவ்வொன்றின் இரு நுனியிலும் ஒளி உணரி. ஒளி இரு நுனிகளையும் எட்டிய நேரங்களைச் சராசரி எடுத்தால், துகள் குச்சியில் எங்கே பட்டிருந்தாலும் விடை மாறாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, ஒளி உணரிகள் கதிர்வீச்சில் கெடாதா? கெடும். ஒளியே படாமல் எழும் போலித் துடிப்புகள் ஏறிக்கொண்டே போகும். அதற்குத்தான் −45 டிகிரி செல்சியஸ் குளிர். அப்புறம், குளிரூட்ட உதவும் அதே வெப்பமின் தகடுகளில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, மோதல்கள் நடக்காத இடைவேளைகளில் உணரிகளை 60 டிகிரி வரை சூடாக்குவார்கள். சேதத்தில் ஒரு பகுதி அதில் ஆறிவிடும்.