விபிஐ, விசிஐ எண்ணை நாமே போடுவதா, மோடத்திடம் விடுவதா?

ஈரோடு வாசி:
வீட்டில் பிஎஸ்என்எல் ஏடிஎஸ்எல் லைன். தம்பி கொடுத்த பழைய மோடத்தை மாட்டியிருக்கிறேன், அது முன்பு ஏர்டெல்லில் ஓடியது. டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் பிரிட்ஜ் மோடில் (மோடம் டயல் செய்யாது, கணினியே செய்யும்) வைத்து விண்டோஸ் 7-இல் இருந்து டயல் செய்தால் 651 பிழை. பிவிசி (மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையிலான நிலையான தடம்) பக்கத்தில், அந்தத் தடத்தின் அடையாள எண்கள் விபிஐ 1, விசிஐ 32 என்று இருக்கிறது. ஆட்டோ ஸ்கேன் போடட்டுமா, எண்ணை நானே மாற்றட்டுமா?

லைன்மேன் மகன்:
நீங்களே மாற்றுங்கள். 1/32 ஏர்டெல்லின் ஜோடி, பிஎஸ்என்எல்லுக்கு 0/35, என்கேப்சுலேஷன் (தரவைப் பொதியும் முறை) எல்எல்சி. விளக்கு எரிவதற்கு அர்த்தம், செம்புக்கம்பி வழியாக எக்ஸ்சேஞ்ச் பக்கத்துக் கருவியான டிஸ்லாமோடு மோடம் கைகோத்துவிட்டது என்பது மட்டும்தான். அதற்கு மேலே ஏடிஎம் அடுக்கு, தரவைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பும் முறை. தரவு 53 பைட் செல்களாகப் போகிறது, அதில் 5 பைட் தலைப்பு, அந்தத் தலைப்பில்தான் இந்த இரண்டு எண்களும் உட்காருகின்றன. டிஸ்லாம் போர்ட்டில் போட்டுவைத்திருக்கும் ஜோடி வேறு என்றால் செல் அங்கேயே விழுந்துவிடும், உங்கள் டயலுக்குப் பதிலே வராது.

ரவுட்டர் ரசிகன்:
சாதாரண ஆளை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? ஸ்கேன் இருப்பதே இதற்குத்தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஜோடியிலும் கேட்டுப் பார்த்து, பதில் வருவதை வைத்துக்கொள்ளும். வீட்டில் யாராவது ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்திவிட்டால் கையால் போட்ட எண் போய்விடும், ஆட்டோ தானே மீட்கும். அப்புறம், எல்எல்சி எதற்கு? விசி மக்ஸ் என்ற இன்னொரு பொதியும் முறையைப் போடுங்கள், தலைப்பு குறையும், வேகம் கூடும்.

லைன்மேன் மகன்:
ரீசெட் செய்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்துதான் போகும், ஆட்டோ அதையுமா கொண்டுவரும்? விசி மக்ஸ் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிபிபிஓஇ-யில் (ஈத்தர்நெட் வழியாக டயல் செய்யும் முறை) 1492 பைட் பாக்கெட், அதோடு பிபிபி 2, பிபிபிஓஇ 6, ஈத்தர்நெட் 14, எல்எல்சி 10, கடைசியில் ஏடிஎம் சேர்க்கும் ஏஏஎல்5 டிரெய்லர் 8, ஆக 1532. செல்லுக்கு 48 வீதம் வகுத்தால் 32 செல். விசி மக்ஸில் அந்த 10 பைட் 2 ஆகிறது, மொத்தம் 1524, அதுவும் 32 செல்தான்! ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் 40 பைட் ஏசிகே-வுக்கு இரண்டிலுமே 2 செல். வேகம் எங்கே கூடியது? அதுவும் மறுமுனை எல்எல்சியில் இருக்கும்போது நாம் மட்டும் மாற்றினால் வேகம் இல்லை, இணைப்பே போய்விடும்.

ரவுட்டர் ரசிகன்:
பிரிட்டனில் 0/38, பிபிபிஓஏ (ஈத்தர்நெட் இல்லாமல் நேரே ஏடிஎம் மேல் டயல் செய்யும் முறை), விசி மக்ஸ் என்று நாடு முழுக்க ஓட்டினார்களே, சும்மாவா? அதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) முழு 1500 கிடைக்கும்.

லைன்மேன் மகன்:
எம்டியு விஷயம் சரி, ஆனால் அது பிபிபிஓஏ-வால் வருவது. எதைப் பேசுவது என்று முடிவு செய்வது மறுமுனை, நாம் இல்லை.

யாழ் வலை:
இங்கே ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்புக்கு 8/35. சென்னையில் வாங்கி வந்த மோடத்தின் ஸ்கேன் பட்டியலில் அந்த ஜோடியே இல்லை, எவ்வளவு நேரம் தேட விட்டாலும் கிடைக்காது. கையால் போட்டவுடன் வந்துவிட்டது. இன்னொன்று, டிவிக்கென்று தனி பிவிசி தருகிற சேவைகளில், முதலில் பதில் தந்த ஜோடியோடு ஸ்கேன் நின்றுவிட்டால் இரண்டாவது கிடைக்கவே கிடைக்காது.

ரவுட்டர் ரசிகன்:
பட்டியலில் இல்லையென்றால் கையால் போடுங்கள், அதற்கு நான் தடை சொல்லவில்லை. எண் தெரியாதவருக்கு ஸ்கேன்தான் வழி, அதில் மாற மாட்டேன். சர்வீஸ் வகையையாவது யுபிஆரில் (வேக உறுதி இல்லாதது) இருந்து சிபிஆருக்கு (நிலையான வேகம்) மாற்றினால் அப்லோட் சீராக இருக்குமே?

லைன்மேன் மகன்:
அந்தப் பெட்டியை நம்பித்தான் பலர் அப்லோடைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால் அழுத்தியே சொல்கிறேன். மோடத்தில் போடும் சிபிஆர், பிசிஆர் (நொடிக்கு உச்சமாக அனுப்பும் செல் எண்ணிக்கை) எல்லாம் நாம் அனுப்பும் பக்கத்தை மட்டும் கட்டுப்படுத்தும், டவுன்லோடுக்கு ஒன்றும் செய்யாது. 512 கேபிபிஎஸ் அப்லோடை ஒரு செல்லின் 424 பிட்டால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 1207 செல். பிசிஆரில் யாரோ சொன்னார் என்று 500 எழுதினால் அப்லோட் பாதிக்கும் கீழே போய்விடும். யுபிஆரிலேயே விடுங்கள். வேகம் குறைவு என்றால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜினையும் (இரைச்சலைத் தாங்க மிச்சமுள்ள இடைவெளி) அட்டெனுவேஷனையும் (கம்பியில் சிக்னல் குறையும் அளவு) பாருங்கள், போனையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும் வீட்டு வயரிங்கையும் பாருங்கள்.

ஈரோடு வாசி:
0/35, எல்எல்சி, யுபிஆர் போட்டுச் சேமித்தேன். இப்போது 651 போய் 691 வருகிறது.

லைன்மேன் மகன்:
அப்படியென்றால் பாதை திறந்துவிட்டது. 691 என்றால் மறுமுனை சர்வர் உங்களோடு பேசி, பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்க மறுக்கிறது. இனி பிவிசி பக்கத்தைத் தொடாதீர்கள். பயனர் பெயரில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியையும் சேர்த்து முழுதாக அடித்துப் பாருங்கள், அப்போதும் வரவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிக் கடவுச்சொல்லை மாற்றித் தரக் கேளுங்கள்.