புதுப்பிப்பு: வன்னிக் காட்டுக்கு ஒரே ஒரு கத்தி

"காட்டில் வழி தவறினால் இடுப்பில் இருக்க வேண்டிய ஒரே கத்தி எது?" என்று முன்பு கேட்டிருந்தேன். மடக்குக் கத்தி, முதுகில் மரம் அறுக்கும் வாள்பல் உள்ள பட்டாளக் கத்தி, அலகு வளைந்த பாரமான கொடுவாக்கத்தி என்று பதில்கள் வந்தன. கடைசியில் நான் எடுத்தது, முல்லைத்தீவுப் பக்கப் பட்டறை ஒன்றில் லொறியின் பாரம் தாங்கும் வில்லுத்தகட்டில் அடித்த, மடங்காத நேர்கத்தி.

அலகு ஐந்து அங்குலம். அதே இரும்பு ஒரே துண்டாகக் கைப்பிடியின் அடிவரை ஓடுகிறது. இருபுறமும் முதிரைக் கட்டை வைத்துத் தறையாணி அறைந்திருக்கிறார்கள். எந்தக் கத்தியிலும் நான் முதலில் பார்ப்பது, இரும்பு இப்படி அடிவரை ஓடுகிறதா என்பதைத்தான். பாலை மர விறகில் அலகை வைத்து, முதுகில் தடியால் அடித்துப் பிளக்கும்போது, பாதியில் நின்றுபோன இரும்பு கைப்பிடிக்குள்ளேயே முறியலாம். மடக்குக் கத்தியின் மூட்டு அந்த அடியைத் தாங்கும் என்று நினைக்கவே கூடாது. வாள்பல் முதுகோ அடிக்கிற தடியையே தின்றுவிடும். படத்துக்குத்தான் அழகு!

துருப்பிடிக்காத உருக்கு வாங்கச் சொன்னவர்களே, மார்கழி மழையில் உங்கள் பேச்சு நியாயம்தான். அதில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும். வில்லுத்தகட்டில் அவ்வளவு கிடையாது. ஈரத்தோடு உறையில் விட்டால் துரு பூத்துவிடும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். ஆனால் சாதாரணக் கல்லில் தீட்டினாலே கூர் ஏறிவிடுகிறது, எனக்கு அது பெரிது.

முட்பற்றை வெட்டக் கொடுவாக்கத்தியை மிஞ்ச ஒன்றுமில்லை. தடி சீவ, கயிறு அறுக்க அது பாரம்.

நல்ல மாட்டுத்தோல் உறை தைப்பவர் கிளிநொச்சியில் இருந்தால் சொல்லுங்கள்.