மறு: வாட்டர் பம்பின் ‘வீப் ஹோல்’: கசிவுத்துளையா, பொசிதுளையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். ஆங்கிலத்தில் ‘வீப் ஹோல்’ (weep hole) எனப்படும் அதற்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. அதற்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கசிவுத்துளை என்றே வைத்துவிடலாம். எளிமையான சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் தவறாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. கசிவு என்று காதில் விழுந்ததுமே அதை அடைக்கத்தான் கை போகும். இந்தத் துளையை அடைக்கவே கூடாது.

இழையைத் தொடங்கிய அண்ணாநகர் நண்பரின் வண்டியிலிருந்தே பேசுகிறேன். அவருடையது 996 வகை போர்ஷே 911 கார். 1963-ல் அறிமுகமானதிலிருந்து காற்றாலேயே குளிர்ந்துவந்த 911, 1997-ல் வந்த இந்த வகையில்தான் கூலண்டுக்கு மாறியது. எஞ்சின் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இருக்கின்றன, நடுவில் வண்டியின் அடியோடு குழாய்கள் ஓடுகின்றன. ஆகவே கூலண்ட் குறைந்தால் தலை முதல் வால் வரை தேட வேண்டும்.

“டேங்கில் அளவு இறங்குகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை” என்று அவர் எழுதியிருந்தார். சூடான எஞ்சின்மேல் விழும் சிறு ஈரம் அங்கேயே ஆவியாகிவிடும். ஒரு பொருக்கும் லேசான இனிப்பு வாடையும்தான் மிஞ்சும். அதனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டேங்கின் வாயில் கைப்பம்பு அளவியைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம்வரை ஏற்றிவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகிக்கலாம். அப்போது டேங்கின் ஆவியை நீலச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நண்பரின் வண்டியில் நீலம் மாறவில்லை. இந்த வகையில் டேங்கே விரிசல் விட்டு வலது பின் சக்கரத்துப் பக்கம் நனைவது பலருக்கும் தெரிந்த கதை, அதுவும் இல்லை. கூலண்டில் ஒளிர்சாயம் கலந்து புற ஊதா விளக்கை அடித்தபோது, தடம் வாட்டர் பம்பின் அடியில் இருந்த அந்தச் சிறு துளையில் போய் நின்றது.

அந்தத் துளை அங்கே ஏன் இருக்கிறது? பம்பின் தண்டு ஒரு பக்கம் கூலண்டில் சுழல்கிறது, மறுபக்கம் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஒன்றோடொன்று உரசும் இரண்டு வளையங்கள் கூலண்டைத் தடுக்கின்றன, இவைதான் சீல். அவை தேயாமல் ஓட, இடையில் மயிரிழை அளவு கூலண்ட் படலம் இருந்தே ஆக வேண்டும். அந்தப் படலத்திலிருந்து துளியூண்டு எப்போதும் பின்பக்கம் வரும். அது பேரிங்குக்குப் போகாமல் வெளியேறத்தான் இந்த வழி. நல்ல பம்பிலும் துளையோரம் ஒரு கறை இருக்கலாம், அது நோய் இல்லை. சொட்டத் தொடங்கினால் சீல் போய்விட்டது என்று பொருள். அப்போது பம்பையே மாற்ற வேண்டும். துளையில் பசை வைத்து அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் இறுகினால் பம்பைச் சுழற்றும் பெல்ட்டும் போகும். இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், ஏசி எல்லாமே அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன.

(கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கும் வழக்கம் நம் ஊரில் விடவே மாட்டேன் என்கிறது. அதிலிருக்கும் உப்பு அந்த வளையங்களையும் தின்னும். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.)

இனி சொல்லுக்கு வருகிறேன். புதுப்பேட்டையில் எந்தப் பட்டறையிலும் காது கொடுத்துப் பாருங்கள். “லேசா கசியுது”, “சொட்டுது”, “தண்ணி ஒழுவுது” என்று அளவுக்கு ஏற்ற வினை தானாக வந்து விழும். கூரை ஒழுகும், மண்பானை கசியும் என்று வீட்டிலும் நாம் பிரித்தே பேசுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் கீழே மெல்ல ஊறி ஈரம் காட்டும் நிலைக்கு நம்மிடம் ‘பொசி’ இருக்கிறது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்குப் பொசிவதைப் பள்ளியில் படிக்காதவர் யார்? அந்தப் பொசிவில் குற்றம் எதுவும் இல்லை. இந்தத் துளைக்கு வேண்டிய பொருளும் அதுவேதான்.

ஆகவே என் பரிந்துரை: பொசிதுளை. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. பொசிந்த, பொசிகின்ற, பொசியும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும்.

வடிதுளை என்று எழுதிய அம்மையார் கட்டடத் துறையில் இருப்பவர். தடுப்புச் சுவரில் மழைநீரை வெளியேற்றும் துளைக்கு அது மிகப் பொருத்தம், அங்கே அதுவே இருக்கட்டும். அங்கே நிறைய வடிவதுதான் நல்லது, பம்பில் நிறைய வடிந்தால் பம்பு போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம். கண்ணீர்த்துளை என்பது weep (அழு) என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டுமே, வேலையைச் சொல்லவில்லை.

“மெக்கானிக் வீப் ஹோல் என்றுதான் சொல்லப்போகிறார், நமக்கேன் இந்தப் பாடு” என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் அப்படியே சொல்லட்டும். கிண்டி ஐடிஐயில் சேரும் பிள்ளை கையில் எடுக்கும் தமிழ்ப் புத்தகத்தில், அடைக்கக் கூடாத துளை என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்றுதான் நான் மல்லுக்கு நிற்கிறேன். கேஸ்கெட், பேரிங், ஹோஸ் எல்லாம் வழக்கில் ஊறிவிட்டவை, அவற்றைத் தொட வேண்டாம்.

தொகுப்பில் சேர்க்க இப்படி எழுதியிருக்கிறேன்:

பொசிதுளை (பெ.): வாட்டர் பம்பில் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே விடப்படும் சிறு துளை. சீலைத் தாண்டும் கூலண்டை வெளியேற்றி, சீல் தேய்ந்ததைக் காட்டும். அடைக்கக் கூடாது.

திருத்தம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அண்ணாநகர் நண்பர் பம்பை மாற்றும்போது பழைய பம்பைத் தூக்கிப் போடாமல், துளை தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பினால் பதிவோடு சேர்த்துவிடலாம்.