‘ராங்டூயிங்’: அறப்பிழையா, அறமீறலா, தவறிழைப்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ‘ராங்டூயிங்’ (wrongdoing) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட கேள்வி இது:

> ‘ராங்டூயிங்’ என்பதற்கு ‘அறப்பிழை’ என்று முடிவு செய்துவிடலாமா? குற்றம் என்றால் சட்டம் வந்துவிடுகிறது, பாவம் என்றால் சமயம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒட்டாத சொல் இது.

சட்டமும் சமயமும் ஒட்டாத சொல் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை; ‘பிழை’ என்னும் இறுதி உறுப்பில்தான் தயக்கம். எழுத்துப்பிழை, அச்சுப்பிழை, கணக்குப்பிழை, கணினித் திரையில் தோன்றும் பிழைச்செய்தி ஆகிய எதிலும் செய்தவருடைய மனத்துக்கு வேலை இல்லை. இன்றைய தமிழில் ஒரு பெயர்ச்சொல்லின் பின்னால் பிழை வந்து சேர்ந்தால், அது கைதவறி நேர்ந்தது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். கூலியை அறிந்தே குறைத்துக் கொடுப்பவரின் செயலை அறப்பிழை என்று எழுதினால், அவருக்காக நாமே வக்காலத்து வாங்கியதுபோல் ஆகிவிடும்.

சிலப்பதிகாரப் பதிகத்தின் ‘அரைசியல் பிழைத்தோர்’ என்ற தொடரை முன்வைத்து மறுப்பு வரும் என்று தெரியும். அங்கே பிழைத்தோர் என்பவர் அரச நெறியிலிருந்து வழுவியவர். அந்தச் சொல் ஓர் அரசையே தாங்குகிறது. ஆனால் பாம்பனில் ‘பிழைத்தவர்’ என்று சொன்னால், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து உயிரோடு மீண்டவர் என்றுதான் பெரியவர்கள் கொள்வார்கள். பிழைப்பு என்றால் கடல்தொழில். அதே நேரத்தில், மண்டபம் முகாமில் உள்ள ஈழத்துக் குடும்பங்கள் ‘அது பிழை’ என்று சொல்லும்போது அதில் நம்முடைய ‘தப்பு’ என்ற சொல்லின் முழு எடையும் இருக்கிறது. எனவே அறப்பிழை அவர்கள் காதுக்கு உறுத்தாமல் இருக்கலாம். நம் காதுக்கு அது இலேசாகத்தான் விழுகிறது. (தப்பு, பிழை, தவறு மூன்றும் குறி விலகுவதைக் குறிக்கும் வினைகளோடு உறவுடையவை. தப்பினாலும் பிழைத்தாலும் உயிர் மிஞ்சுகிறது; ‘தவறிவிட்டார்’ என்றால் மட்டும் ஆள் இல்லை. இதற்கு இலக்கண விளக்கம் கேட்காதீர்கள்.)

இந்தச் சொற்களை நாம் அகராதியில் சிறிது, பெரிது என்று அடுக்கிப் பார்க்கிறோம். கரையில் அவை அப்படி வழங்கவில்லை. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை வைத்தே பிரிகின்றன. கடல் அட்டையை (கடல் வெள்ளரி என்றும் சொல்லும் கடலடி உயிரியை) எடுத்துக்கொள்ளுங்கள். முங்கி அட்டை எடுப்பது மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் வெளிப்படையான தொழில். 2001இல் அட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின் அதே தொழில் குற்றமாயிற்று. அந்தத் தொழில் பார்த்த முதியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, “அது கேஸுதான், ஆனா தப்பு இல்ல” என்றார். அதே மனிதர், இரட்டை மடி இழுப்பதை, அதாவது இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுத்துச் செல்வதைப் பற்றிப் பேச்சு வந்ததும், “குஞ்சு குளுவானையெல்லாம் அரிச்சிட்டுப் போறது பாவம்” என்றார். நாட்டுப்படகுக்குரிய நாளில் விசைப்படகு இறங்குவதைத்தான் அவர் ‘தப்பு’ என்றார். கேஸ் என்றால் அதிகாரியிடமும், பாவம் என்றால் கடவுளிடமும் வாயில்லா உயிரிடமும், தப்பு என்றால் சகதொழிலாளியிடமும் பதில் சொல்லியாக வேண்டும். ‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்ற பழமொழியும் இந்தப் பிரிவினையை அறிந்தே பிறந்திருக்கிறது.

பாவத்தை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கரையைவிட நல்ல சான்று கிடைக்காது. இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீரைத் தலையில் வாங்கிக்கொண்டு ஈரத்துணியோடு நடப்பவர் கழுவ விரும்புவது, தமக்கும் இறைவனுக்கும் இடையே உள்ள ஒரு கணக்கை. அதில் துன்பப்பட்ட மூன்றாம் ஆள் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. கத்தோலிக்கத் தமிழில் சாவான பாவம், அற்பப் பாவம் என்ற பகுப்பும் கடவுளை நோக்கியதே. இதுவும் போதாதென்று, பேச்சில் ‘பாவம், அந்தப் பிள்ளை’ என்றால் அது இரக்கம்.

கீழக்கரைப் பக்கம் நான் கண்ட ஒரு வழக்கம் நமக்கு வேண்டிய பொருளுக்கு மிக அருகில் வருகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர், பயணத்துக்கு முன் சொந்தக்காரர், கடைக்காரர், பழைய பங்காளி என ஒவ்வொருவரையும் பார்த்து, ஏதும் தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அடுத்தவர் ஹக்கில், அதாவது அவருக்குரிய உரிமையில், கைவைத்திருந்தால் அந்த மனிதர் மன்னிக்காமல் தீராது என்பது அவர்கள் கொள்கை. நாம் தேடும் சொல்லிலும் இப்படி எதிரே ஒருவர் நிற்க வேண்டும் என்கிறேன்.

‘அறமீறல்’ என்ற இன்னொரு பரிந்துரைக்கும் இதே அளவுகோல்தான். மீறல் என்றால் முன்பே யாரோ ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். 1974 ஒப்பந்தத்தால் பாக் நீரிணையில் விழுந்த கோட்டை ஒட்டி ‘எல்லை மீறல்’ என்ற சொல்லை அடிக்கடி செய்தித்தாளில் படிக்கும் ஊர் எங்களுடையது. மீறல் என்பது கோடு போட்டவர் பக்கத்துச் சொல் என்பது இங்கே யாருக்கும் விளக்காமலே தெரியும். முறைகேடு அலுவலகக் கணக்கோடு நின்றுவிடும். தீவினை, வினைப்பயனுக்குள் போய்விட்டது. போதாக்குறைக்குச் ‘செய்வினை’ என்றால் மந்திரவாதியைத் தேடுவார்கள்.

எனவே என் முன்மொழிவு ‘தவறிழைப்பு’. இழைத்தல் என்ற வினையைக் கவனியுங்கள். கொடுமை இழைத்தார், துரோகம் இழைத்தார், அநீதி இழைக்கப்பட்டது என்று எங்கே வந்தாலும் ‘யாருக்கு?’ என்ற கேள்வியைக் கூடவே அழைத்து வருகிறது. பாவம் செய்தான் என்பதற்கு அந்தக் கேள்வி கட்டாயமில்லை. பிழை நேரும், விழும். இழைப்பது கையறிந்து செய்வது. வத்தை என்னும் மரப்படகு கட்டுகிற ஆசாரி பலகையில் இழைப்புளியைத் தள்ளும்போது, ஒவ்வொரு சுருளும் அவர் விரும்பிய கனத்தில்தான் உதிரும். அந்த ‘இழை’க்கும் இதற்கும் இடையே உள்ள நெருக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

‘தவறான எண்’ என்கிறோமே, தவறு மிக இலேசான சொல் ஆயிற்றே என்று கேட்கலாம். எடையை வினை தருகிறது. தவறான எண்ணை யாரும் இழைப்பதில்லை. ‘தீங்கிழைப்பு’ என்று வைக்கலாமே என்றால், சேதம் எதுவும் விளையாத வாக்குத் தவறுதல் வெளியே நின்றுவிடும். மேலும் தீங்கியல் என்பதைச் சட்டத்தமிழ் ‘டார்ட்’ (tort) என்ற சட்டப் பிரிவுக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. தவறிழைப்பு என்ற சொல்லிலிருந்து தவறிழைத்தவர், தவறிழைக்கப்பட்டவர் என்ற இரண்டும் கிடைக்கின்றன. பின்னது நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பாதிக்கப்பட்டவர்’ புயலுக்கும் பொருந்தும். புயலுக்கு எதிரே நின்று கணக்குக் கேட்க முடியாது.

தவறு + இழைப்பு என்பது ‘தவற்றிழைப்பு’ என்று இரட்டிக்க வேண்டாமா என்று இலக்கண நண்பர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சோறுண்டான் என்பதில் இரட்டாதது போலவே தவறிழைத்தான் என்பதிலும் இரட்டாமல் எழுதும் வழக்கு நிலைத்துவிட்டது, பெயராக்கும்போதும் அப்படியே வைக்கலாம். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து