மானெக்ஷா: தளபதியா, கதைசொல்லியா?

ஆவணப்பித்தன்:

ஜூன் 27 வந்தால் போதும், சாம் மானெக்ஷா வாட்ஸ்அப்பில் உயிர்த்தெழுந்துவிடுவார். 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்த நாள் அது. கூடவே அந்தக் கதையும் வரும். 1971 ஏப்ரலில் இந்திரா காந்தி அமைச்சரவையைக் கூட்டி, அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருக்கிறார்கள், உடனே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் புகுங்கள் என்கிறார். தலைமைத் தளபதி மானெக்ஷா மறுக்கிறார். மழைக்காலம் வருகிறது, டாங்கிகள் தயாராக இல்லை, இப்போது போனால் நிச்சயம் தோற்போம், வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்கிறார். அம்மையார் அடங்கிப்போகிறார். டிசம்பரில் 13 நாளில் வெற்றி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்குச் சாட்சி யார்? பெரும்பாலும் மானெக்ஷாவேதான், அதுவும் ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து மேடைகளில் சொன்னது. பிரதமரின் செயலர் பி.என். ஹக்சரின் காகிதங்களைப் புரட்டிய ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்: ஏப்ரலில் போருக்கு அவசரப்பட்டது இந்திராவும் இல்லை, ஹக்சரும் இல்லை. உடனே இறங்க வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடியவர் திருச்சியில் பிறந்த பாதுகாப்புத் துறை ஆய்வாளர் கே. சுப்ரமணியம். அவர் பேச்சை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, இல்லாத அவசரத்தைத் தடுத்த பெருமையை ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். நல்ல தளபதி, சந்தேகமில்லை. அதைவிட நல்ல கதைசொல்லி.

பழைய சுபேதார்:

தம்பி, கதைசொல்லி என்று எழுதுவது சுலபம். 1942 பிப்ரவரி 22, பர்மாவில் சிட்டாங் பாலம். ஃப்ரண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் கேப்டனாக, ஜப்பானியர் பிடித்திருந்த குன்றை நோக்கித் தன் கம்பெனியை நடத்திக்கொண்டு போனவர். குன்று கைக்கு வந்தது. கம்பெனியில் ஏறக்குறைய பாதிப் பேர் விழுந்தார்கள். இவர் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள். இவன் பிழைக்க மாட்டான், இறந்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாது என்று கோவன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி இவர் நெஞ்சில் குத்தினார். ஆர்டர்லி ஷேர் சிங் தூக்கிச் சுமந்து டாக்டரிடம் சேர்த்தான். கை வைத்துப் பயனில்லை என்ற ஆஸ்திரேலிய டாக்டர், என்ன ஆச்சு என்று கேட்டாராம். கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் இவர். இந்த நிலையிலும் கிண்டலடிக்கிறவனைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் கத்தியை எடுத்தார்.

ஏட்டைப் புரட்டுகிறவர்கள் இதையும் புரட்ட வேண்டும்.

ஆவணப்பித்தன்:

சுபேதார் ஐயா, சிட்டாங் வீரத்தை நான் மறுக்கவே இல்லை. பதக்கம் அரசிதழில் இருக்கிறது. ஆனால் அந்தக் கழுதை வசனத்தை உலகத்துக்குச் சொன்னது யார் என்று பாருங்கள். அதுவும் அவர்தான்! 27 வயது கேப்டனின் துணிச்சலை வைத்து 57 வயது தலைமைத் தளபதியின் போர்த்திட்டத்துக்கு மார்க் போட முடியாது. இரண்டும் வேறு வேலை.

இன்னொன்று. 1962-இல் அசாமின் தேஜ்பூரில் 4-வது கோரை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) ஏற்றதும், எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது என்று அறிவித்தார். சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் சீனா நவம்பர் 21-ஆம் தேதியே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. இவர் பொறுப்பேற்றது அதற்கு அப்புறம். பின்வாங்க அங்கே யாரும் துரத்தவில்லை.

மலைரயில்:

நான் குன்னூர் பக்கம். 62-ஐ எடுத்ததால் சொல்கிறேன், அதற்கு முன்பாதியை விட்டுவிட்டீர்கள். அவர் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் கமாண்டண்டாக இருந்தபோது அவர் மேல் ஒரு விசாரணை. தேசவிரோதியாம். அலுவலகத்தில் பிரிட்டிஷ்காரர்கள் படம் மாட்டியிருக்கிறார், அரசியல் தலைவர்களைக் கேலி பேசுகிறார், இந்த ரகக் குற்றச்சாட்டுகள். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்குப் பிடித்தமான ஜெனரல் பி.எம். கௌலுக்கும் இவரைக் கண்டாலே ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். லெஃப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான விசாரணைக் குழு இவர் மேல் தப்பில்லை என்றது. அதே வருடம் சீனாவிடம் அடி வாங்கி, மேனன் பதவி போய், கௌல் விலகி, கௌல் உட்கார்ந்திருந்த அதே 4-வது கோர் நாற்காலிக்குத்தான் இவரை அனுப்பினார்கள்.

துரத்தவில்லைதான். ஆனால் அடி வாங்கி மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த படை அது. திரும்ப முன்னே போகச் சொல்வதற்கு அந்த மாதிரி ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. வசனம் பேசுவதும் தளபதி வேலையில் சேர்த்திதான்.

கொள்ளிடம்:

பின்னால் பாகிஸ்தான் ஜனாதிபதியான யாஹ்யா கானுக்கு விற்ற மோட்டார் பைக் கதை யாராவது எழுதுங்களேன்... 1000 ரூபாய் பாக்கி வைத்தார், பாதி நாட்டைக் கொடுத்து அடைத்தார் என்று.

ஆவணப்பித்தன்:

அதுவும் யார் சொன்னது என்று கேட்டால் அடிக்க வருவீர்கள். விடுங்கள்.

மலைரயில் சொன்னதில் பாதி சரி. சரி, 1971-க்கே வருகிறேன். கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் தலைமை அதிகாரியாக இருந்த மேஜர் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஏப்ரல் தொடக்கத்தில் மானெக்ஷா தொலைபேசியில் கூப்பிட்டு உடனே உள்ளே போகச் சொன்னாராம். எங்களிடம் இருப்பது மலைப்போருக்கான டிவிஷன்கள், ஆற்றுக்குப் பாலம் போடும் தளவாடம் இல்லை, மழை வரப்போகிறது, நவம்பர் நடுவில்தான் முடியும் என்று ஜேக்கப் சொன்னாராம். அதாவது பிரதமரிடம் மானெக்ஷா அடுக்கிய காரணங்கள் கல்கத்தாவிலிருந்து போனவை.

அதைவிடப் பெரிய விஷயம் டாக்கா. ஆகஸ்டில் டெல்லி அனுப்பிய போர் உத்தரவில் முக்கிய இலக்கு குல்னாவும் சிட்டகாங்கும்தான், டாக்கா இல்லவே இல்லை என்கிறார் ஜேக்கப். டாக்காவுக்கு உண்மையில் வழி திறந்தது 4-வது கோர் தளபதி சகத் சிங். மேக்னா ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலத்தை ஆஷுகஞ்சில் பாகிஸ்தானியர் தகர்த்துவிட்டார்கள். அவர் பாலத்துக்குக் காத்திருக்கவில்லை. டிசம்பர் 9 இரவு எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களை ஏற்றி அக்கரையில் ராய்ப்பூராவில் இறக்கினார். இருட்டில், திரும்பத் திரும்ப. அதற்குப் பிறகுதான் டாக்கா கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அந்த சகத் சிங்குக்குக் கிடைத்தது பத்மபூஷண். ஃபீல்டு மார்ஷல் பட்டம் யாருக்குப் போனது என்று தெரியும்.

பழைய சுபேதார்:

தம்பி, ஜேக்கப் சொன்னால் ஆவணம், சாம் சொன்னால் கதையா? இரண்டு பேருமே ஓய்வுபெற்ற பின்னால் தங்கள் பங்கைச் சொன்னவர்கள்தான். ஜேக்கப் எழுத்தில் அவருடைய மேலதிகாரி, கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோராவுக்குக்கூட நல்ல பேர் மிஞ்சவில்லை. ஒரே தராசில் நிறுங்கள்.

நான் வேறு இடத்தைக் காட்டுகிறேன். ஏப்ரல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை விடுங்கள். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைக்கும் என்ன நடந்தது? திரிபுராவைப் படத்தில் பாருங்கள். மூன்று பக்கமும் கிழக்குப் பாகிஸ்தான். அப்போது ரயில் தர்மநகரோடு நின்றுவிடும், அதுவும் மீட்டர் கேஜ். அங்கிருந்து ஒற்றை மலைச்சாலை. அந்த வழியாகத்தான் ஒரு முழு கோருக்கு வேண்டிய பீரங்கிக் குண்டு, டீசல், அரிசி, பருப்பு, கூடாரம், பாலத்துண்டு எல்லாம் மழையோடு மழையாகத் தெலியாமுராவுக்குப் போய்ச் சேர வேண்டும். சப்ளையில் வேலை பார்த்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஒரு லாரி சேற்றில் சாய்ந்தால் பின்னால் நிற்கும் அத்தனை லாரியும் அன்றைக்கு அங்கேதான் சமைக்க வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கிருஷ்ணாநகரில் 2-வது கோரையே அக்டோபரில்தான் புதிதாக உருவாக்கினார்கள். சீன எல்லையில் இருந்த மலை டிவிஷன்களைக் கீழே இறக்கினார்கள், டிசம்பரில் கணவாய்களைப் பனி மூடிவிடும் என்ற கணக்கில். நடுவில் ஆகஸ்ட் 9-ஆம் தேதி சோவியத் ஒப்பந்தம். அது அரசியல்வாதிகள் வேலை. ஆனால் அவர்கள் வாங்கித் தந்த அவகாசத்தைப் படை வீணாக்காமல் பார்த்துக்கொண்டது யார்?

சகத் சிங்கைப் பற்றிச் சொன்னீர்கள். அவர் 4-வது கோருக்கு வந்தது 1970 கடைசியில். அப்போது தலைமைத் தளபதி சாம். 1967-இல் நாதுலாவில் சீனர்களோடு மோதல் நடந்தபோது அந்த டிவிஷன் சகத் கையில், கிழக்குப் பிராந்தியம் சாம் கையில். தெரிந்தவரைத்தான் தெரிந்த இடத்தில் போட்டார்.

கொள்ளிடம்:

சுபேதார் ஐயாவுக்கு ஒரு சல்யூட். லாரி விவரம் எந்தச் சினிமாவிலும் வராது.

ஆவணப்பித்தன்:

தளவாட ஏற்பாடு பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குச் சண்டையே இல்லை. அதைத்தான் நானும் கேட்கிறேன். அவரைப் பாராட்ட இவ்வளவு இருக்கும்போது எல்லாரும் ஏன் அந்த ஒரு கூட்டத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள்? தளபதி பிரதமரை அடக்கினார் என்பது நமக்கு ஏன் அவ்வளவு இனிக்கிறது? பக்கத்து நாட்டில் அதே யாஹ்யா கான் தளபதியாக இருந்து ஜனாதிபதி ஆனவர். அங்கே என்ன ஆயிற்று என்று பார்த்தவர்கள் கொஞ்சம் யோசித்துச் சிலிர்க்க வேண்டும்.

மலைரயில்:

இந்த இடத்தில் அவருக்கு நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஆட்சியைப் பிடிப்பாரோ என்று டெல்லியில் கிசுகிசு ஓடியது உண்மை. ஆனால் 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் ஆனதும் அதே மாதம் 15-ஆம் தேதி பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் குன்னூர் வந்து வீடு கட்டிக்கொண்டு தோட்டம் போட்டவர். அதற்குப் பிறகு அரசாங்கம் அவரை நடத்திய விதம்தான் கேவலம். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, முழுச் சம்பளம் வர வேண்டும். வரவில்லை. 2007-இல் அப்துல் கலாம் வெலிங்டன் மருத்துவமனைக்கு வந்து பார்த்த பிறகுதான் நிலுவை கோடி ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு 93 வயது. ஊட்டி பார்சி மயானத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமரும் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். ஊர் ஜனம் வந்தது. அடுத்த வருடம் ஊட்டி-குன்னூர் சாலையில் ஒரு பாலத்துக்கு அவர் பேரை வைத்தார்கள்.

ஆவணப்பித்தன்:

அரசு செய்தது அவமானம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அனுதாபம் வேறு, வரலாறு வேறு. டாக்கா கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. டிசம்பர் 13-ஆம் தேதி, படைகள் டாக்காவை நெருங்கிய பிறகு, விட்டுவிட்டுப் போன ஊர்களைத் திரும்பிப் போய்ப் பிடியுங்கள் என்று டெல்லியிலிருந்து உத்தரவு வந்ததாக ஜேக்கப் சொல்கிறார். கேட்டிருந்தால் கதை கந்தல்.

பழைய சுபேதார்:

13-ஆம் தேதி ஐ.நா.வில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சோவியத் வீட்டோ எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. எந்த நேரமும் போர்நிறுத்தம் திணிக்கப்படலாம். அப்படி நின்றால் கையில் எத்தனை ஊர் இருக்கிறது என்பதுதான் பேரம். டெல்லியில் உட்கார்ந்தவன் அதை யோசிக்காவிட்டால்தான் தப்பு.

டாக்காவுக்கு வருகிறேன். நகரத்தில் 26,000 பாகிஸ்தான் சிப்பாய், வெளியே நம்மவர் 3,000 என்பதும் ஜேக்கப் தரும் கணக்குதான். அப்படியென்றால் அங்கே பாகிஸ்தான் படைக்குத் தளபதியாக இருந்த நியாஸி ஏன் சண்டை போடவில்லை? போர் தொடங்கிச் சில நாளிலேயே சாம் தன் பெயரிலேயே பாகிஸ்தான் சிப்பாய்களுக்கு வானொலியில் பேசினார், துண்டறிக்கை போட்டார்: சுற்றி வளைத்தாயிற்று, சரணடைந்தால் மரியாதையாக நடத்துவோம் என்று. 14-ஆம் தேதி கவர்னர் மாளிகை மேல் விமானத் தாக்குதல். அப்புறம் அமெரிக்கத் தூதரகம் வழியாக நியாஸியின் செய்தி வருகிறது, போர்நிறுத்தம் வேண்டும் என்று. யாருக்கு? சாமுக்கு. போர்நிறுத்தம் கிடையாது, சரண்தான் என்று பதில் போட்டார். நல்லெண்ணத்துக்காக 15-ஆம் தேதி மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை டாக்கா மேல் குண்டுவீச்சை நிறுத்தினார். இது மேடையில் சொன்ன கதை இல்லை. போன செய்தியும் வந்த செய்தியும் இருக்கின்றன.

ஆவணப்பித்தன்:

அதை ஏற்கிறேன், அந்தப் பதில் அவருடையதுதான். ஆனால் 16-ஆம் தேதி சரண் பத்திரத்தோடு டாக்காவுக்குப் பறந்து போய் நியாஸியை உட்காரவைத்துப் பேசியவர் ஜேக்கப். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், சுபேதார் ஐயா கட்டாயம் வர வேண்டும்.

பழைய சுபேதார்:

வருகிறேன். அதில் டாக்கா வாசலில், மிர்பூர் பாலத்தில் நின்ற நம் ஜெனரல் நாக்ராவையும் சேருங்கள்.