ஷோப்பான் சி மைனர் பிரெலூட்: மூன்றாம் பாரில் ஈ நேச்சுரலா, ஈ ஃப்ளாட்டா?

வெள்ளைக்கட்டை:
ஷோப்பானின் சின்னப் பியானோ உருப்படி இது, ஓபஸ் 28, எண் 20. மொத்தமே 13 பார் (தாளக் கட்டம்). மூன்றாம் பாரின் கடைசி கார்டில் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வலது கைக்கு வரும் ஈ சுரம், சில பதிப்புகளில் நேச்சுரல் (மாற்றாத ஈ), சிலவற்றில் ஃப்ளாட் (அரைச் சுரம் இறக்கியது). 1839-இல் வந்த முதல் பதிப்புகளின் ஸ்கேன்களைப் பார்த்தேன். பாரிஸ், லைப்சிக், லண்டன் மூன்றிலும் அந்த இடத்தில் ஃப்ளாட் குறி இல்லை. மூன்றுக்கு மூன்று நேச்சுரல் என்றால் விஷயம் முடிந்ததுதானே? பிறகு ஏன் இத்தனை பேர் ஃப்ளாட் போடுகிறார்கள்?

படிமரம்:
அவை மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சிதான். 1839 ஜனவரியில் ஷோப்பான் மயோர்க்கா தீவின் வல்தெமோசாவிலிருந்து நண்பர் ஃபொன்தானாவுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதிதான் எல்லாவற்றுக்கும் மூலம். அதைப் பார்த்துதான் பாரிஸில் பதிப்பாளர் கேட்லானின் அச்சுத் தகடு வெட்டப்பட்டது. அதிலிருந்து ஃபொன்தானா எடுத்த படி லைப்சிக்கில் ப்ரைட்காஃப் பதிப்பகத்துக்குப் போனது. லண்டனில் வெஸல் பதிப்பகம் வெளியிட்ட பதிப்பு பாரிஸ் அச்சைப் பார்த்துச் செய்தது.

ஆக இருப்பது இரண்டு கிளை. பாரிஸும் லண்டனும் ஒத்துப்போனால் அது ஒரு வாக்குதான். கையெழுத்திலேயே ஒரு குறி விடுபட்டிருந்தால் மூன்று ஊரிலும் விடுபட்டுத்தான் இருக்கும். நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பில் உள்ள அதே விதி: பிரதிகளை எண்ணாதே, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று பார்.

கையில் இருக்கும் ஸ்கேன் எந்தக் கிளை என்று தெரியவில்லையா? சமர்ப்பணத்தைப் பாருங்கள். பாரிஸ் பதிப்பு கமீ ப்ளெயேலுக்கு, லைப்சிக் பதிப்பு கெஸ்லருக்கு.

கீழ்ஸ்தாயி:
ஃப்ளாட் எங்கிருந்து வந்தது என்பதற்கு: ஷோப்பானின் மாணவி ஜேன் ஸ்டர்லிங் பாடத்துக்குப் பயன்படுத்திய பாரிஸ் பதிப்புப் பிரதிகள் இன்று ஃபிரான்ஸ் தேசிய நூலகத்தில் ஏழு தொகுதிகளாக இருக்கின்றன. அதில் இந்த ஈ-க்கு முன்னால் பென்சிலால் ஃப்ளாட் போடப்பட்டிருக்கிறது.

சி மைனரில் ஈ வழக்கமாக ஃப்ளாட்தான். ஆனால் அதே பாரில் முன்னால் ஈ நேச்சுரல் வந்துவிட்டதால், திரும்ப ஃப்ளாட் எழுதாவிட்டால் கடைசி ஈ-யையும் நேச்சுரலாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் இப்படி முந்தைய குறியை நீக்கும் ரத்துக்குறியை எழுத மறப்பது ஷோப்பானின் கையெழுத்துகளில் அடிக்கடி காணும் பிழை. முதல் பார் சி மைனரில் வந்து அமர்கிறது. மூன்றாவதும் அங்கேயே அமர்ந்தால் அடுத்த பாரில் ஜி-க்குப் போவது இயல்பாக இருக்கிறது. என் வாக்கு ஃப்ளாட்டுக்கு.

மூலபாடம்:
ஃப்ளாட் பக்கம் எடை கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நேச்சுரலை “அச்சுப்பிழை” என்று எழுதிவிடாதீர்கள். பாடத்தில் போட்ட பென்சில் குறி பழைய பிழையைத் திருத்தியதாகவும் இருக்கலாம், பிறகு வந்த மனமாற்றமாகவும் இருக்கலாம். அடிக்குறிப்பில் இரண்டு பாடபேதத்தையும், எது எந்த மூலத்தில் என்பதையும் கொடுங்கள்.

ஒப்பிடும் முறை பற்றி. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பாதி தவறிப்போகும், ஏனென்றால் காது ஏற்கெனவே அறிந்ததைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். முதல் சுற்றில் சுரங்களும் ஃப்ளாட், நேச்சுரல் குறிகளும் மட்டும். அடுத்தது டை, ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடுகள்). கடைசியில் டைனமிக்ஸ் (ஒலியளவுக் குறிகள்), பெடல், அக்சென்ட் (அழுத்தக் குறி). முதல் சுற்றை கடைசி பாரிலிருந்து பின்னோக்கிச் செய்யுங்கள். மெட்டு இழுத்துக்கொண்டு போகாது. அட்டவணையில் பார், பீட், கை, பிறகு மூலத்துக்கு ஒரு பத்தி. குறி இல்லாத இடத்தில் “இல்லை” என்றே எழுதுங்கள். காலியாக விட்டால், குறி இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று பின்னால் தெரியாது.

அக்சென்ட்டில் தனிக் கவனம் வேண்டும். ஷோப்பான் நீளமான அக்சென்ட் எழுதுவார். தகடு வெட்டுபவர்கள் அதைச் சில இடங்களில் குட்டை அக்சென்ட்டாகவும் சில இடங்களில் டிமினுவெண்டோவாகவும் (ஒலி குறைவதைக் காட்டும் குறி) மாற்றினார்கள். கையெழுத்தில் அதன் நீளம் எந்தச் சுரத்திலிருந்து எதுவரை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பதிப்பாளர் அச்சுத் தகட்டில் இடும் தகடு எண் ஒன்றாக இருந்தாலே ஒரே அச்சு என்று நம்பவேண்டாம். திருத்திய தகட்டில் பழைய எண்ணே இருக்கும். தலைப்புப் பக்கத்து விலாசமும் விலையும் மாறியிருக்கிறதா பாருங்கள்.

வெள்ளைக்கட்டை:
நன்றி. படிமரம் சொன்னபடி கிளை வரைந்து மறுபடி தொடங்குகிறேன். 9 முதல் 12 வரையான பார்கள் 5 முதல் 8-இன் மறுபடிதானே, அதையும் முழுசாக ஒப்பிட வேண்டுமா?

மூலபாடம்:
கட்டாயம். அந்த மறுபடியே பின்னால் சேர்த்தது. “அடிக்கடி சரியாகச் சொல்லும்” ஒருவருக்காகச் செய்த சின்ன விட்டுக்கொடுப்பு என்று கையெழுத்தில் ஷோப்பானே பதிப்பாளருக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். திரும்ப வரும் பார்களை அவர் முழுசாக எழுதாமல் சுருக்கிக் காட்டும் பழக்கமும் உண்டு. அப்படிச் சுருக்கியதைப் படியெடுப்பவர் விரித்து எழுதும்போது ஸ்லரும் பெடலும் இடம் மாறும். இந்த நான்கு பாரில் வித்தியாசம் கண்டால், அது ஷோப்பானுடையதா, விரித்து எழுதியவருடையதா என்பதை முதலில் கேளுங்கள்.